இடப்பக்கம் சாயும் பூ

திண்டுக்கல்,
8.9.2024

அன்புத் தங்கை சொர்ணலட்சுமிக்கு அண்ணன் அழகர்சாமி எழுதுவது. இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லை. முழங்கால் வலி மட்டும் மழைக்கு முன்பே வந்து நிற்கிறது. ஜீவிதாவுக்கு வீசிங் முழுவதும் நின்றுவிட்டதா? முதலில் அதை எழுது.

போனில் நீ “என்ன? என்ன?” என்று கேட்பதற்குள் நான் சொல்ல வந்தது எனக்கே மறந்துபோகிறது. உனக்குக் காது மந்தமான பிறகு நமக்குக் கடிதம்தான் சரி. இதில் எழுதப்போவது ஐந்து:

1. நிச்சயதார்த்தத்தன்று பழனியில் நடந்தது.
2. அதற்கு எனக்குத் தோன்றிய வழி.
3. எத்தனை பூ, என்ன நூல், எந்தத் தேதிக்குள்.
4. பின்னுவது நான், தைப்பதும் கோப்பதும் நீ. இது மாறக் கூடாது.
5. வெளியே சொல்லக் கூடாத ஒன்று.

முதலாவது. மாப்பிள்ளையின் அம்மா நம் ஜீவிதா தலையில் நாலு முழம் மல்லிகை வைத்த அரை மணி நேரத்தில் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவளுக்கு மூச்சு திரும்பிய பிறகு அந்தப் புவனேஸ்வரி அம்மாள் சொன்னது உன் காதில் விழுந்திருக்காது. நான் பக்கத்தில் நின்றேன். “ஏனுங்க, முடி எறக்க வர்ற கூட்டமாட்டம் பூ இல்லாத தலையோட பொண்ணை மணையில உக்கார வெக்க முடியுங்களா? தாலி கட்டற ஒரு மணி நேரம் பொறுத்துக்கட்டுமுங்க” என்றார். அந்த ஒரு மணி நேரம் அவளுக்குத் தாங்காது என்று சொல்ல வாய் வரை வந்தது. வழக்கம் போல அங்கேயே நின்றுவிட்டது.

இரண்டாவது. தாய்மாமன் சீரில் பெண்ணுக்குப் பூ கொண்டு வருவது நான். தாய்மாமன் கொண்டு வரும் பூவை வேண்டாம் என்று சொல்ல எவருக்கும் வழக்கத்தில் இடமில்லை. ஆகையால் வெள்ளை நூலில் குரோஷா ஊசியால் நானே மல்லிகை பின்னிக் கொண்டு வருகிறேன்.

மூன்றாவது. தலைச் சரத்துக்கு 180, ரவிக்கைக் கைகளுக்கு முப்பது முப்பதாக 60. ஆக 240. ஐந்து இதழ், சுண்டுவிரல் நகம் அளவு. பருத்தி நூல். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முடியும். அறுபது அறுபதாக நான்கு தவணை: அக்டோபர் 15, நவம்பர் 20, டிசம்பர் 20, ஜனவரி 20. கல்யாணம் மாசி நாலு, அதாவது பிப்ரவரி 16. மீதி நாள் நீ கோப்பதற்கு.

நான்காவது. எட்டாம் வகுப்பில் தையல் டீச்சர் உன் இடது கையில் ஸ்கேலால் அடித்து ஊசியை வலது கைக்கு மாற்றியதும், வலது கையால் நீ பின்னியதெல்லாம் முடிச்சு முடிச்சாகக் கிடந்ததும், கடைசியில் உன் நோட்டைப் பார்த்து நான் பின்னிக் கொடுத்ததற்கு உனக்குப் பரிசு கிடைத்ததும் நம் இருவருக்கும் தெரியும். பின்னல் உன் கைக்கு வராது. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. நீ தைப்பதை மட்டும் பார்த்துக்கொள்.

ஐந்தாவது. பின்னுவது நான் என்று எவரிடமும் சொல்லாதே. எழுபத்து மூன்று வயதில், நில அளவைத் துறையில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்ற ஆள் மல்லிகை பின்னுகிறான் என்றால் பழனி வரை சிரிப்பார்கள். தெரிந்த அம்மாள் ஒருவர் என்று சொல்லிவிடு.

எழுதியதை இரண்டு தடவை சரிபார்த்தேன். மூன்றாம் தடவை பார்த்தால் தபாலில் போட மாட்டேன்.

உன் அண்ணன்,
அழகர்சாமி

*

பூனா,
20.9.2024

அன்புள்ள அண்ணனுக்குச் சொர்ணம் வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் சுகம். ஜீவிதா வேலைக்குப் போகிறாள். பையில் மருந்துக் குழாய் மட்டும் எப்போதும் இருக்கிறது. முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா, அல்லது அதற்கும் தேதி போட்டு வைத்திருக்கிறீர்களா?

உங்கள் கடிதத்தை ஜீவிதா சத்தமாக வாசித்தாள். “ஏம்மா, இது மாமா போட்ட கடிதமா, டெண்டர் நோட்டீசா?” என்று சிரித்தாள். ஆனால் இரண்டாவது எண் வந்ததும் குரல் மாறிவிட்டது. கல்யாணத்தன்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடலாம் என்றுதான் அவள் இருந்திருக்கிறாள். எனக்கே அப்போதுதான் தெரியும். “ஒரு மணி நேரம் மூச்ச அடக்கிக்கிட்டு எப்டிடி தாலி வாங்குவ?” என்று கேட்டேன். “ஆஸ்பத்திரி பக்கத்துலதானம்மா” என்கிறாள். நிச்சயதார்த்தத்தன்று அவள் உதடு நீலம் பாய்ந்ததைப் பார்த்தவள் நான். இன்னொரு தடவை பார்க்க என்னால் ஆகாது. அதனால் நீங்கள் பின்னுங்கள்.

நான்காவது எண்ணைப் படித்து நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பு நின்றுவிட்டது. அதை விடுங்கள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

சொர்ணம்

*

திண்டுக்கல்,
14.10.2024

அன்புச் சொர்ணத்துக்கு, இங்கு சௌக்கியம். உன் காதுக்கு அந்த மெஷினை மாட்டிப் பார்த்தாயா? மழை தொடங்கிவிட்டது.

இத்துடன் முதல் அறுபது. எண்ணிப் பார். உண்மையில் எண்பத்தேழு பின்னினேன். இருபத்தேழு சரியில்லை என்று பிரித்துவிட்டேன். எல்லாப் பூவும் ஒரே திசையில் சுற்றி, எல்லா இதழும் வலப்பக்கமாக ஒன்றன்மேல் ஒன்று லேசாகச் சாய்ந்திருக்கும். சரம் கோக்கும்போது இந்தச் சாய்வை மாற்றிவிடாதே. ஒரே ஒரு பூ மாறிச் சாய்ந்தாலும் தெரியும்.

நூல் வாங்கப் போனபோது கடைக்காரர் ரஃபி, “வீட்டுல அம்மாவுக்குங்களா சார்?” என்று கேட்டார். தலையாட்டிவிட்டேன். கல்யாணமே செய்துகொள்ளாத எனக்கு வீட்டில் எந்த அம்மா? “நல்லாப் பின்னுவாங்களோ?” என்றார். “சுமாராகப் பின்னுவாள்” என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த முறை வேறு கடைக்குத்தான் போக வேண்டும்.

பூ பார்க்க மல்லிகை மாதிரி இருக்கிறதா, அல்லது பொத்தான் மாதிரி இருக்கிறதா? மனதுக்குப் பட்டதை எழுது.

அண்ணன்

*

பூனா,
7.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு, தீபாவளி நல்லபடியாகப் போயிற்று. நீங்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்தீர்களா? தனியாக இருக்கிறோம் என்று பலகாரம் வாங்காமல் இருந்திருப்பீர்கள்.

உங்கள் பூவைத் தட்டில் வைத்தேன். பக்கத்து வீட்டு அம்மா எடுத்து மோந்து பார்த்தாள். போதுமா?

மாப்பிள்ளை விக்னேஷ்குமார் தீபாவளிக்குப் பழனி போனபோது பத்துப் பூவைக் கோத்துக் கொடுத்து அனுப்பினோம். அவர் அம்மா ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்களாம். பூவை மாப்பிள்ளையிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனில் ஜீவிதாவிடம் பேசினார்கள். அவள் எனக்கு எழுதிக் காட்டியதை அப்படியே தருகிறேன்: “அழகாத்தானுங்க இருக்குது. தாய்மாமன் சீருன்னு வேற சொல்லிப்போட்டீங்க, நான் என்ன பண்ணட்டும்? ஆனா பத்துப் பூ எல்லாரும் பின்னுவாங்க சாமி. கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னால முழுச் சரத்தையும் என் கண்ணுல காட்டிப் போடோணும். ஒரு சாண் குறைஞ்சாலும் மார்க்கெட்டுல மல்லிகைக்குச் சொல்லிப்போடுவேன்.” பின்னுவது யார் என்றும் கேட்டார்களாம். திண்டுக்கல்லில் தெரிந்த அம்மா என்று ஜீவிதா சொல்லிவிட்டாள்.

ஆக, பிப்ரவரி 14 நமக்குக் கெடு. இருபதாம் தேதி அறுபதை எதிர்பார்க்கிறேன்.

சொர்ணம்

*

பூனா,
6.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு, நலமா? வாடிக்கைக்குக் கேட்கவில்லை. பதில் வேண்டும்.

நவம்பர் இருபது போய்ப் பதினாறு நாள் ஆகிறது. பூ வரவில்லை, கடிதமும் வரவில்லை. நீங்கள் தேதி தவறி நான் பார்த்ததில்லை. ஜீவிதா உங்கள் போனுக்கு அடித்தால் மணி போகிறது, எடுக்க ஆள் இல்லை. கீழ் வீட்டு இனிகோவிடம் கேட்டால், “சார் வெளியூரு போயிருக்காருக்கா, வந்துருவாரு” என்று அவசரமாக வைத்துவிடுகிறாராம். உங்களுக்கு எந்த வெளியூர்? பக்கத்துக் கொடைரோட்டுக்கு ரயில் ஏறுவதற்கே நாலு நாள் யோசிப்பவர் நீங்கள்.

பூ கிடக்கட்டும். நாலு வரி போடுங்கள்.

சொர்ணம்

*

திண்டுக்கல்,
17.12.2024

அன்புச் சொர்ணத்துக்கு, நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

கண்ணாடி மாற்ற வேண்டியிருப்பதால் இந்தக் கடிதத்தைக் கடைவீதியில் ஜெகபர் அலியின் ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டரில் அடித்து அனுப்புகிறேன். தாமதத்துக்கு வருந்துகிறேன். சில வேலைகள் இருந்தன.

இத்துடன் இருபது பூ. அறுபது என்று சொன்னது தெரியும். மீதியும் வரும். கட்டாயம் வரும்.

அண்ணன்

*

பூனா,
28.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு, இந்தத் தடவை என் சுகத்தைப் பற்றி எழுதப்போவதில்லை.

கறுப்புத் துணி விரித்து முதலில் வந்த அறுபதையும் இப்போது வந்த இருபதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அறுபதும் வலப்பக்கம் சாய்கின்றன. இருபதும் இடப்பக்கம் சாய்கின்றன. ஜீவிதா பார்த்துவிட்டு, “எல்லாம் ஒன்னாத்தானம்மா இருக்கு” என்றாள். அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஐம்பத்தாறு வருடத்துக்கு முன்னால் இடது கையில் ஊசி பிடித்து நான் முதன்முதல் பின்னிய பூ இப்படித்தான் சாய்ந்தது. வலது கை பின்னினால் வட்டம் ஒரு திசையில் சுற்றும், இடது கை பின்னினால் எதிர்த் திசையில் சுற்றும். டீச்சர் அதை வகுப்புக்கே தூக்கிக் காட்டி, “திரும்பின பூ பாருங்கடி” என்று சொல்லிவிட்டு ஜன்னல் வழியே போட்டார்கள். அந்தச் சாய்வை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

நீங்கள் வலது கைக்காரர். கொட்டை கொட்டையாக எழுத்துப் போடுகிறவர், கண்ணாடிக்காகக் கம்ப்யூட்டரில் அடித்தேன் என்கிறீர்கள். கண்ணு தெரியாத ஆளுக்கு நகம் அளவுப் பூ மட்டும் பின்ன வருமோ?

அண்ணே, உங்கள் வலது கைக்கு என்ன ஆயிற்று?

சொர்ணம்

*

திண்டுக்கல்,
6.1.2025

அன்புச் சொர்ணத்துக்கு. நலம் என்று தொடங்கலாமா என்று யோசித்தேன். பாதி நலம் என்று எழுதுகிறேன்.

முதல் அறுபதுக்குப் பிறகு பின்னியதெல்லாம் கோணலாக வந்து, எல்லாவற்றையும் பிரித்துவிட்டிருந்தேன். நவம்பர் ஒன்பதாம் தேதி காலையில் ஊசி கையிலிருந்து விழுந்தது. எடுக்கப் போனேன், கை போகவில்லை. இனிகோதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பதினோரு நாள் இருந்தேன். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று நான்தான் அவரிடம் சத்தியம் வாங்கினேன், அவர்மேல் கோபப்படாதே. சொன்னால் நீ ரயில் ஏறிவிடுவாய், ஜீவிதா கல்யாணத்தைத் தள்ளி வைப்பாள் என்று பயந்தேன். கால் நன்றாக இருக்கிறது, பேச்சும் நன்றாக இருக்கிறது. வலது கை நூலைப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

பயிற்சி கொடுக்க வரும் அருளப்பன் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். இடது கைக்கு ஊசியைக் கொடுங்கள் என்றேன். “என்ன சார், பந்து அமுக்கச் சொன்னா பூப் பின்னுறேங்கிறீங்க?” என்றார். முதல் பூ ஆப்பம் அளவுக்கு வந்தது. வரைபலகைக் கிளிப்பில் பூவைப் பிடித்துக்கொண்டு பின்னிப் பழகினேன். மூன்று வாரத்தில் இருபது. இப்போது கையில் இன்னும் இருபத்து நான்கு இருக்கிறது. ஆக இடது கைப் பூ 44. இன்று முதல் தினம் இரண்டு வீதம் பிப்ரவரி எட்டு வரை 68. கூட்டினால் 112. பழைய அறுபதை ரவிக்கைக்கு ஒதுக்கினாலும் சரத்துக்கு 68 குறைகிறது. சாய்வு கலந்து கோத்தால் சரம் சரமாக இருக்காது.

இந்தக் கணக்கை நான்கு விதமாகப் போட்டுப் பார்த்துவிட்டேன். அதே விடைதான் வருகிறது. ஆனாலும் நிறுத்தப்போவதில்லை. மூன்றாவது பூவுக்கும் முயல்கிறேன்.

இதை அடித்துக்கொண்டிருக்கும் ஜெகபர் அலி, “சார், அழுகுறீகளா தும்முறீகளா?” என்று கேட்கிறார். தும்மல் என்று போடச் சொல்லியிருக்கிறேன்.

அண்ணன்

*

பூனா,
14.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு, பொங்கல் வாழ்த்து. கடிதம் கிடைத்ததும் ஜீவிதா அழுதாள், நான் உங்களைத் திட்டினேன், பிறகு இருவரும் மாற்றிக்கொண்டோம். அவள் உடனே கிளம்ப வேண்டும் என்றாள். “நீ போயி என்னத்தச் செய்வ? அவருக்கு இப்ப வேண்டியது பூ” என்று சொல்லிவிட்டு நூல் கடைக்குப் போனேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் நான்காவது எண்ணை மீறிவிட்டேன்.

ஊசியை இடது கையில் எடுத்தேன். பக்கத்தில் ஸ்கேல் வைத்துக்கொண்டு யாரும் நிற்கிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். பார்த்தது ஜீவிதாதான். “என்னம்மா, யாரத் தேடுற?” என்றாள். அவளுக்குச் சொன்னேன். இத்தனை வருடத்தில் அவளிடம் அதைச் சொன்னதில்லை. கேட்டுவிட்டு எழுந்து போய் நூல் உருண்டையை என் வலப்பக்கம் நகர்த்தி வைத்தாள்.

முதல் நாள் ஒன்றுகூட உருப்படவில்லை. நேற்று மூன்று. இன்று பொங்கல் பானையை இறக்கிவிட்டு நான்கு. இத்துடன் ஐந்து பூ வைத்திருக்கிறேன். அவற்றை உங்கள் இடது கைப் பூக்களோடு கலந்து போட்டுவிட்டு, கண்டுபிடிக்க முடிகிறதா என்று பாருங்கள்.

68 என் பொறுப்பு. பிப்ரவரி ஒன்பதாம் தேதி நாங்கள் திண்டுக்கல் வருகிறோம். உங்கள் வீட்டில் உட்கார்ந்தே கோப்போம். சமையலறையைக் கூட்டி வையுங்கள். அதாவது இனிகோவைக் கூட்டி வைக்கச் சொல்லுங்கள்.

சொர்ணம்

*

திண்டுக்கல்,
27.2.2025

அன்புத் தங்கைக்கு, நீ பூனா போய்ச் சேர்ந்ததும் இது கிடைக்கும். பிரயாண அலுப்பு தீர்ந்ததா? எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். ஜெகபர் அலி கடைக்குப் போகவில்லை. இது என் இடது கை.

ஒரு வாரம் ஒரே வீட்டில் இருந்தோம். எதிரெதிரே உட்கார்ந்து 180 பூவைக் கோத்தோம். சொல்ல வேண்டியதை அப்போதும் சொல்லவில்லை. பழனி பஸ் ஸ்டாண்டில் உன் பெட்டியைத் தூக்கி வைக்கும்போது சொல்லலாம் என்றிருந்தேன். கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். அதனால் எழுதுகிறேன்.

பதினான்காம் தேதி நடந்ததை நீ தூரத்திலிருந்து பார்த்தாய். பேச்சு உனக்குக் கேட்டிருக்காது. புவனேஸ்வரி அம்மாள் சரத்தை முழம் போட்டு அளந்தார். அளவு சரியாக இருந்தது. உறுதியாக இருக்கிறதா என்று ஓரத்துப் பூவைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். அது என் முதல் இருபதில் ஒன்று, கிளிப்பில் வைத்துப் பின்னிய காலத்துப் பூ. அவிழ்ந்து நூலாகத் தொங்கியது. “அடடா, ஒன்னு போச்சுங்களே. அந்தம்மாவத் திண்டுக்கல்லுல இருந்து வரச்சொல்ல முடியுங்களா?” என்றார். மண்டபத்தில் இருபது பேர் இருந்தார்கள். மார்க்கெட்டில் மல்லிகைக்குச் சொல்ல ஒருவர் போனை எடுத்துவிட்டார். ஜீவிதா என்னைப் பார்த்தாள்.

“அந்த அம்மா நான்தான்” என்றேன்.

சட்டைப் பையில் ஊசி இருந்தது. அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து பின்னினேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு சின்னச் சிரிப்பு பின்னால் எங்கோ கேட்டது, அத்தோடு சரி. அந்த அம்மாள் எதிரே தரையில் உட்கார்ந்து கண் எடுக்காமல் பார்த்தார். முடித்ததும் கையில் வாங்கி, தாமே கோத்து, “கல்யாணத்தன்னைக்கு இதை நானே வெச்சுவிடறனுங்க அண்ணா” என்றார். அப்படியே வைத்தார். ஜீவிதா இரண்டு மணி நேரம் மணையில் இருந்தாள். ஒரு தடவைகூட இருமவில்லை. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் மூச்சைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆக, செப்டம்பரில் எழுதிய ஐந்தில் ஐந்தாவதை நானே மீறினேன். மீறினேன், அவ்வளவுதான். நான்காவது அப்படி இல்லை.

நீ அனுப்பிய ஐந்து பூவை என் பூக்களோடு கலந்து போட்டேன். இரண்டு நாள் பார்த்தும் என்னால் பிரிக்க முடியவில்லை. டீச்சர் ஜன்னல் வழியே எறிந்த பூவை அன்று எடுத்து வந்து எனக்குக் காட்டினாய், ஞாபகம் இருக்கிறதா? நானும் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஆமா, திரும்பித்தான் இருக்கு. கொண்டா, நான் போட்டுத் தாரேன்” என்றேன். உதவி செய்ததாக ஐம்பத்தாறு வருடம் நினைத்திருந்தேன். அந்தப் பூவில் ஒரு குறையும் இல்லை, சொர்ணம். அன்று நான் உன் ஊசியை வாங்கியிருக்கக் கூடாது. உன் இடது கையில் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும்.

பின்னல் உன் கைக்கு வராது என்று எழுதினேன். நான்காவது எண் தவறு.

அண்ணன்,
அழகர்சாமி